எடுக்காமல் விட்ட பெயர்

எங்கள் மறைமாவட்டம் மாதத்துக்கு ஒரு தாள் வெளியிடுகிறது. முன்பக்கம் செய்தி, பின்பக்கம் ஜெப விண்ணப்பம். அச்சடிப்பது கொழும்பில்தான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள அங்கிலிக்கன் சபைகளின் பகுதியை எழுதி அனுப்புகிறவள் நான். மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால், எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில் கட்டிவிடலாம் என்று சபையில் எல்லாருக்கும் ஓர் எண்ணம். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், ஊர்ச் செய்தி முதலில் என் கைக்கு வருவது எனக்குப் பிடிக்கும்.

எந்தச் சபைக்குப் புதுக் குருவானவர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயர் எப்போது வருகிறார், எந்த ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது, தாய்மார் சங்கத்துக் கூட்டத்தில் யார் பேசினார்கள், எத்தனை பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள், எல்லாம் எனக்கு வரும். வெங்காயம் நட்டவர்கள் மழை வேண்டாம் என்று ஜெபிக்கக் கேட்பார்கள். நெல் விதைத்தவர்கள் மழை வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறேன். தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லையே.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு வாசிப்பவளும் நான்தான். அதில் நோயாளர் பட்டியல் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வந்து சொன்னால் பெயரைச் சேர்ப்பேன். சுகமாகிவிட்டது என்று சொன்னால் நோயாளர் பட்டியலிலிருந்து எடுத்து, மாதத் தாளில் நன்றி என்ற தலைப்பின் கீழ் போடுவேன். இதுதான் ஒழுங்கு. இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவளும் நான்தான், ஏனென்றால் முன்பு செத்துப்போனவர்களின் பெயர்கூட வருடக்கணக்காகப் பட்டியலில் கிடந்தது.

அந்தப் பட்டியலில் என் கணவரின் பெயரையும் நானே எழுத வேண்டி வந்தது. ஒரு காலை, சவரம் செய்துகொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதைவிடப் பெரிய அடி, பேச்சுப் போனது. முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்த மனுசன். வகுப்பறைக்கு வெளியே வீதியில் போகிறவருக்கும் கேட்கும்படி கதைத்தவர். அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஓம்.

எதற்கும் ஓம்தான். பசிக்குதோ என்றால் ஓம். சாப்பாடு போதுமோ என்றாலும் ஓம். வெளிச்சம் கண்ணில் குத்துதோ, ஓம், அப்ப விளக்கை நூர்க்கட்டோ, ஓம், வேண்டாமோ, ஓம். உள்ளே எல்லாம் விளங்குகிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொன்னாள். இன்னொரு சொல் வந்துவிட்டால் மற்றவையும் மெல்ல மெல்ல வரும் என்றாள். அந்த இரண்டாவது சொல்லுக்காக நான் காத்திருந்தேன். அது என்னைக் கூப்பிடுகிற சொல்லாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கை வேறு.

இவர் விழுந்து இரண்டு நாளில், எங்கள் சபையிலேயே இன்னொருவர் விழுந்தார். அதே பாரிசவாதம், அதே வலப்பக்கம். பெரியாஸ்பத்திரியில் இவருக்கு இரண்டு கட்டில் தள்ளி அவர் கிடந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது மூப்பு, பக்கத்து ஒழுங்கையில் வீடு. அவரை அண்ணை என்பேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அக்காவும் நானும் மாறி மாறி இரண்டு ஆண்களுக்கும் கஞ்சி கொண்டுபோனோம். ஒருத்தி அழுதால் மற்றவள் அழாமல் இருப்பது என்று சொல்லாமலே ஓர் ஒப்பந்தம். அந்த நாள்களில் அக்காவைவிட நெருக்கமானவர் எனக்கு யாரும் இருக்கவில்லை.

ஞாயிறுகளில் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தேன். முதலில் இவர், பிறகு அண்ணை.

நான்காம் மாதம் அண்ணை எழும்பி நின்றார். ஐந்தாம் மாதம் ஊன்றுபொல்லோடு நடந்தார். ஆறாம் மாதம் பொல்லையும் காணவில்லை. இவரோ சக்கர நாற்காலியில் இருந்து ஓம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஒரே சபை, ஒரே மன்றாட்டு, வாசிப்பது ஒரே வாய், அதுவும் என் வாய். பிறகு ஏன் இரண்டாவது பெயர் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தது? ஒரு ஞாயிறு வரிசையை மாற்றி அண்ணையை முதலிலும் இவரைக் கடைசியிலும் வாசித்துப் பார்த்தேன். கடைசியாகக் கேட்டது ஆண்டவருக்கு நினைவில் நிற்குமோ என்று. பக்கத்து வீட்டுச் சைவக்காரப் பிள்ளை தங்கள் கோயிலில் இவருடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்துவிட்டு வந்து சொன்னபோதுகூட நான் மறுக்கவில்லை. இன்னும் ஒருமுறை செய்யும் பிள்ளை என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் பின்னேரம் அண்ணை இவரைப் பார்க்க வந்தார். படலையைத் தானே திறந்து, தானே சாத்தி, முற்றத்தைக் கடந்து வந்து கதிரையில் இருந்தார். நான் தேநீர் போட்டேன். கோப்பையை விளிம்புவரை நிரப்பினேன். வேண்டுமென்றேதான் நிரப்பினேன். வலக்கை நடுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அவர் வலக்கையால் கோப்பையை எடுத்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை, குடித்து முடித்தார். பிறகு, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று கேட்டார். குசினிக்குள் போய்ச் சீனிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். இரண்டாவது கோப்பையை அரைவாசிதான் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "இந்த மாசத் தாளிலை எங்கடையவரை நன்றிப் பக்கத்துக்கு மாத்திவிடும். டொக்டரும் இனி வரத் தேவையில்லை எண்டிட்டார்."

"ஓம் அக்கா," என்றேன்.

மாற்றவில்லை. மறக்கவும் இல்லை. அன்றிரவே தொலைபேசியில் பட்டியலைத் திறந்து, அண்ணையின் பெயரில் விரலை வைத்தேன். அதை எடுத்தால் இவருடைய பெயர் தனியே நிற்கும். அதற்குக் கீழே வெறுமை. மேலே நன்றி என்ற தலைப்பின் கீழ் அண்ணையின் பெயர், என் கையாலேயே எழுதியபடி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மாதம் ஆயரின் வருகைச் செய்தி நீண்டுவிட்டது, இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வரிக்கா இடமில்லை?

அப்படியே ஐந்து ஞாயிறு போயின. சைக்கிளில் ஆராதனைக்கு வந்து, சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு, மூன்றாவது வரிசை வாங்கில் வந்து இருக்கிற மனுசனுக்காக, "நோயுற்றுத் துன்பப்படும்" என்று தொடங்கி நான் மன்றாடினேன். சபையாரும் கேட்டருளும் என்றார்கள். தலையைக் குனிந்து அண்ணையும் கேட்டருளும் என்றார். ஒருமுறை வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பிள்ளை, நான் ஓட்டப் பந்தயத்திலை ஓடினாலும் நீர் என்னை விடமாட்டீர் போலை கிடக்கு." நானும் சிரித்தேன். சிரித்த முகம் நோவெடுத்தது.

எங்கள் குருவானவர் மலையகத்துப் பிள்ளை, வயது முப்பதுக்குள். அவரும் கேட்டுவிட்டார். "அம்மா, அந்த ஐயா இப்ப நல்லாத்தானே நடக்கிறாரு. இன்னும் நோயாளிங்க லிஸ்ட்ல இருக்காரே?"

"இந்த வருத்தம் திரும்பியும் வரும் ஃபாதர். கொஞ்சநாள் இருக்கட்டும். ஜெபம் கூடினால் ஏதும் பிழையோ?"

ஜெபம் கூடிப்போயிற்று என்று எந்தக் குருவானவர்தான் சொல்வார்? கச்சேரியில் படித்த வித்தை, எந்த விண்ணப்பக் கோவையையும் நியாயத்தோடு கிடப்பில் போடலாம்.

ஆறாவது ஞாயிறு வந்தது. இவருடைய சக்கர நாற்காலியை வழக்கம்போல நடைபாதையில், முதலாம் வாங்குக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு மன்றாட்டு வாசிக்கப் போனேன். ஆயருக்காக, ஆட்சியாளருக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக வாசித்தேன். பிறகு நோயாளர். இவருடைய பெயரை வாசித்தேன். அண்ணையின் பெயரை வாசித்தேன்.

"இல்லை."

யாரோ பின்னாலிருந்து சொன்னதாகத்தான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இன்னொருமுறை சொன்னார். "இல்லை!" வகுப்பறைக் குரல். ஏழு மாதமாக நான் கேட்காத குரல். நல்ல கையைத் தூக்கி மூன்றாவது வாங்கைக் காட்டினார்.

ஆலயமே கலைந்துவிட்டது. மன்றாட்டு நடக்கிறது என்பதையும் மறந்து சனம் எழும்பி வந்தது. முதலில் ஓடிவந்தது அக்காதான். இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "கேட்டியளே? கதைச்சிட்டார்! எங்கடையவருக்காண்டி ஜெபிக்கேக்கை வாய் திறந்திருக்கிறார்!" இவர் விரலால் காட்டியது தன்னைக் கூப்பிடத்தான் என்று நினைத்து அண்ணையும் வந்தார். குனிந்து இவரைக் கட்டிப்பிடித்தார். இவர் அண்ணையின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குருவானவர் கண்ணைத் துடைத்தபடி ஸ்தோத்திரம் சொன்னார்.

நான் மட்டும் தாளைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். இவர் எதற்கு இல்லை என்றார் என்பது எனக்கு மட்டும்தான் விளங்கியது. ஐந்து கிழமையாகப் பொறுத்துப் பார்த்திருக்கிறார். நெஞ்சுக்குள் உருட்டி உருட்டி, அந்த ஒரு சொல்லை வெளியே தள்ளியிருக்கிறார். எனக்கு மகிழ்ச்சிக்கு முதல் கோபம்தான் வந்தது. கஞ்சி பருக்கி, உடம்பு துடைத்து, படத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஏழு மாதம் வாய் மூடி இருந்த மனுசன் என்னைப் பிழை பிடிக்கத்தானா வாய் திறந்தார்? அந்தச் சொல்கூட அண்ணையின் பங்குக்குப் போய்விட்டதே.

வாசலில் குருவானவர் சொன்னார்: "இத இந்த மாசத் தாள்ல கட்டாயம் போடணும்மா. எப்படி நடந்துச்சுன்னு விபரமா எழுதிக் குடுத்துருங்க. மறைமாவட்டம் முழுக்க வாசிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து தேநீர் வேண்டுமோ என்று இவரைக் கேட்டேன். ஓம் என்றார். கால் நோகுதோ என்றேன். இல்லை என்றார். படுக்கப்போறியளோ என்றேன். இல்லை. ஒவ்வொன்றும் சரியான மறுமொழி. அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து அவருடைய முழங்காலில் முகத்தை வைத்து நன்றாக அழுதேன். நல்ல கையால் என் தலையைத் தடவினார். கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் எழுத வேண்டிய வேலை போகவில்லை.

செவ்வாய்க்கிழமை எழுதினேன். "நோயுற்ற சகோதரர் ஒருவருக்காகச் சபையார் மன்றாடிய வேளையில், ஏழு மாதங்களாகப் பேச்சிழந்திருந்த ஒருவருக்கு ஆண்டவர் வாயைத் திறந்தருளினார்." இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இல்லை," என்றார்.

"நோயுற்ற" என்பதை எடுத்துவிட்டு வாசித்தேன். இல்லை. "சபையார் மன்றாடிய வேளையில்" என்று மட்டும் வைத்து வாசித்தேன். இல்லை. விடைத்தாள் திருத்துகிற மனுசனிடம் பரீட்சைப் புள்ளியில் அரை கூட்டித் தரச் சொல்லி நிற்கிற மாதிரி இருந்தது என் நிலை. "அப்ப என்னதான் எழுதச் சொல்லுறியள்?" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஒழுங்கைக்கு நடந்தேன். அக்கா முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அண்ணை கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, இவர் அண்டைக்கு ஜெபத்திலை வாய் திறக்கேல்லை. அண்ணை சுகமாகியும் நான் பேரை எடுக்கேல்லை எண்டுதான் இல்லை எண்டவர். எனக்கு நீங்கள் சொன்னது மறக்கேல்லை. எரிச்சலிலைதான் விட்டனான். அவர் நடக்கிறதை என்னாலை பாக்கேலாமல் கிடந்தது."

அக்கா நிமிரவில்லை. இலையை உருவியபடியே சொன்னார். "எனக்குத் தெரியும்."

"எப்ப தொட்டு?"

"முதலாம் ஞாயிறே தெரியும். நீர் மறக்கிற ஆளோ? உம்மடை கையாலை ஒரு எழுத்துப் பிழைக்காது."

"பின்னை ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லி என்னத்தை? எனக்கு ஆள் எழும்பீட்டுது. உமக்கு அந்தப் பேரை வாசிக்கிறதிலை ஒரு ஆறுதல் எண்டால் வாசியும் எண்டு விட்டிட்டன். மாறி நடந்திருந்தால் நானும் உப்பிடித்தான் செய்திருப்பன்." பிறகு சுளகில் கிடந்த இலையில் பாதியை அள்ளி ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார். "அவருக்கு வறை வறுத்துக் குடும். நரம்புக்கு நல்லது."

நான் எதிர்பார்த்துப் போனது இதை அல்ல. ஏசுவார், அழுவார், இரண்டு கிழமை கதைக்காமல் இருப்பார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் சரிக்குச் சரியாக நின்றிருப்போம். அக்காவின் கணவர் முதலில் எழும்பினார், சரி. மன்னிப்பிலும் அக்காதான் முந்தியா? முருங்கையிலைப் பையோடு ஒழுங்கையில் நடந்து வரும்போது, என்னை மன்னித்தவர் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று பின்னேரமே எழுதி முடித்தேன். நன்றிப் பக்கத்தில் அண்ணையின் பெயரைப் போட்டேன், பூரண சுகம் என்று. அதற்குக் கீழே: "ஏழு மாதங்களாகப் பேச்சிழந்திருந்த ஒருவர் இந்த மாதம் பேசினார். சுகமடைந்தவரை நோயாளர் என்று தொடர்ந்து வாசித்து வந்த தன் மனைவியைத் திருத்துவதற்காகப் பேசினார்." இவருக்கு வாசித்துக் காட்டினேன். இம்முறை அந்த இல்லை வரவில்லை. வாயின் நல்ல பக்கம் மட்டும் மெல்லச் சிரித்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த ஞாயிறு நோயாளர் பட்டியலில் இவருடைய பெயரை வாசித்தேன். அதற்கு அடுத்தபடியாக, பொறாமையில் விழுந்தவள் என்று சொல்லி என் பெயரை வாசித்தேன். பிறகு ஒரே ஒரு குரல் முந்திக்கொண்டு, கேட்டருளும் என்று மனதார, உரத்துச் சொன்னது. அக்கா. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.